முதலில் பட்டறை, அப்புறம் பெரிய வீடு

காரைக்குடியில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். ஊர் பார்க்க வருகிறவர்கள் வண்டியில் ஏறியதும் பெரும்பாலும் ஒரே பட்டியலைத்தான் நீட்டுவார்கள். கானாடுகாத்தான் அரண்மனை, ஆத்தங்குடி பெரிய வீடு, ஆயிரம் ஜன்னல் வீடு, பிள்ளையார்பட்டி, மத்தியானம் நல்ல செட்டிநாட்டுச் சாப்பாடு. நேரம் மிச்சமிருந்தால் டைல்ஸ் செய்கிற இடம். இந்தப் பட்டியலைத் தலைகீழாகப் போடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

வீட்டை முதலில் பார்த்தால் என்ன ஆகும்? முதல் வீட்டு வாசலில் வாயைப் பிளப்பீர்கள். இரண்டாவது வீட்டில் படம் எடுப்பீர்கள். மூன்றாவது வீட்டில், "எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு, ஏசியப் போடுங்கண்ணே" என்று வண்டிக்குத் திரும்பிவிடுவீர்கள். காலையில் பட்டறையில் ஒரு டைல்ஸ் கல் எப்படி உருவாகிறது என்று பார்த்தவர்கள் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்கள் தரையில் உட்கார்ந்து, எந்தப் பூவில் சாயம் கொஞ்சம் வழிந்திருக்கிறது என்று தேடுவார்கள். அவர்களை வண்டியில் ஏற்றுவதுதான் எனக்குப் பெரும்பாடு.

செட்டிநாட்டில் டிக்கெட் வாங்கிக்கொண்டு, கண்ணாடிப் பெட்டி கண்ணாடிப் பெட்டியாகப் பார்த்துவிட்டு வெளியே வருகிற மாதிரி ஒரே இடத்தில் எதுவும் கிடையாது. பட்டறை ஒரு ஊரில், தறி ஒரு ஊரில், வீடு ஒரு ஊரில், இடித்த வீட்டுச் சாமான்கள் காரைக்குடித் தெருவில். முறையான மியூசியமும் பார்க்க வேண்டும் என்றால் அது இதே சிவகங்கை மாவட்டத்தில், வைகைக் கரையில், கீழடியில் இருக்கிறது. ஆகவே இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் செட்டிநாடு, இரண்டாம் நாள் வைகை. இந்த வரிசைக்கும் காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

எந்த நாளில் வருவது

மார்கழி, தை, மாசி நல்லது. சித்திரை, வைகாசியில் வந்தால் மத்தியானம் பன்னிரண்டுக்கு மேல் நீங்களும் வேலை செய்ய மாட்டீர்கள், பட்டறையிலும் கை மெதுவாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கல் காயாது, வேலை இழுத்துக்கொண்டு போகும். ஆனால் ஊரணிகள் நிறைந்து கிடப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் அப்போதுதான் வர வேண்டும். வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற ஆறு எங்கள் பக்கம் இல்லை. கண்மாயும் ஊரணியும் வீட்டு முற்றத்தில் விழுகிற மழையும்தான். இத்தனை பெரிய வீடுகளைக் கட்டியவர்கள் ஊருக்கு ஊர் ஊரணி வெட்டி வைத்தது சும்மா அழகுக்காக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள். வீடு திறந்திருக்கும், பட்டறை பூட்டியிருக்கும். தீபாவளி, பொங்கலை ஒட்டிய நாட்களும் அப்படித்தான். முதல் நாள் சனியாக இருந்தால் பரவாயில்லை. ஆனால் இரண்டாம் நாள் செவ்வாயாக அமைந்துவிடக் கூடாது, கீழடிக்கு அன்றைக்கு விடுமுறை.

சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் வந்தால் ராத்திரிதான் இறங்குவீர்கள். தூங்கி எழுந்து காலை எட்டரைக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும்.

ஆத்தங்குடி: இங்கே அவசரப்படாதீர்கள்

காரைக்குடியிலிருந்து அரை மணி நேரம்தான். ஊருக்குள் நுழையும்போதே பட்டறைகள் ஆரம்பித்துவிடும். நீளமான கொட்டகை, ஓரமாகத் தண்ணீர்த் தொட்டி, வெளியே வரிசையாக நிறுத்தி வைத்த கற்கள். பெரிய கடைகளில் ஒரு ஓரமாக 'செய்து காட்டும்' மேசை ஒன்று இருக்கும். அதைவிட, ஆர்டருக்கு வேலை ஓடிக்கொண்டிருக்கும் சின்னப் பட்டறைதான் நல்லது. வாசலில் நின்று, "ஐயா, கொஞ்ச நேரம் பார்த்துட்டுப் போகலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்தது அபூர்வம்.

காலையில் போகச் சொல்வது இதற்காகத்தான்: வார்ப்பு வேலை அப்போதுதான் மும்முரமாக நடக்கும். சப்பணம் போட்டு உட்கார்ந்திருப்பவர் முன்னால் ஒரு கண்ணாடித் துண்டு இருக்கும். வெறும் ஜன்னல் கண்ணாடி மாதிரிதான். அதைத் துடைத்து, மேலே இரும்புச் சட்டத்தை வைப்பார். சட்டத்துக்குள் பூ வடிவத்தில் தகடு வளைத்துச் செய்த அச்சு இறங்கும். பக்கத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு என்று கிண்ணங்களில் சாயம். சிமெண்டில் நிறப்பொடியைக் கலந்து மோர்ப் பதத்துக்குக் கரைத்தது. அதைச் சின்னக் கரண்டியால் மொண்டு, அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஊற்றுவார். இதழுக்கு ஒரு நிறம், காம்புக்கு ஒரு நிறம், மூலைக்கு ஒரு நிறம்.

இங்கேதான் கண்ணை எடுக்கக் கூடாது. ஊற்றி முடித்ததும் அச்சை நேராக மேலே தூக்குவார். கொஞ்சம் சாய்ந்தாலும் நிறம் நிறத்தோடு கலந்துவிடும். சாயம் ரொம்பத் தண்ணியாக இருந்தாலும் கலந்துவிடும், கெட்டியாக இருந்தால் தகடு நின்ற இடத்தில் கோடு மூடாமல் இடைவெளி விழும். அந்தப் பதம் எந்த அளவுக் கோப்பையிலும் இல்லை, கரண்டியிலிருந்து அது விழுகிற விதத்தைப் பார்த்தே சொல்வார்கள். அச்சே இல்லாமல் கரண்டியால் கோலம் போடுகிற மாதிரி பூப் போடுகிறவர்களும் உண்டு. அப்படி ஒருவர் வேலை செய்வதைப் பார்க்கக் கிடைத்தால் மற்ற திட்டத்தை எல்லாம் ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

சாயத்தின் மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவுவார்கள். அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதற்கு மேல் ஈரக் கலவையை வைத்து, கரண்டியால் அமுக்கி மட்டம் செய்வார்கள். சட்டத்தைக் கழற்றினால் உங்கள் கண்ணுக்குத் தெரிவது வெறும் சாம்பல் நிற முதுகுதான். பூ அடியில், கண்ணாடியைப் பார்த்துக் குப்புறப் படுத்திருக்கும். மறுநாள் வரை அப்படியே விட்டு, பிறகு தொட்டித் தண்ணீரில் சில நாள் ஊற வைத்து, எடுத்துக் காய வைப்பார்கள். கண்ணாடி தானாகக் கழன்று வரும். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. சூளை கிடையாது, தீ கிடையாது, பாலீஷ் மெஷின் கிடையாது.

ஏற்கெனவே வார்த்து வைத்த கல்லைக் கண்ணாடியிலிருந்து பிரிப்பதைக் காட்டச் சொல்லுங்கள். ஊற்றுவதைப் படம் எடுக்கிறவர்கள் இதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். எனக்கு என்னவோ இதுதான் பிடிக்கும்.

சில விஷயங்களைக் கவனியுங்கள். காய வைத்த கற்களுக்கு நடுவே நடந்து போய் நிற்காதீர்கள், ஓரத்தில் ஒரு முனை உடைந்தாலும் அந்தக் கல் போச்சு. கைப்பை, துப்பட்டா எல்லாம் சாயக் கிண்ணத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு ஒரு கல் ஊற்றிப் பார்க்க ஆசையாக இருந்தால் கேளுங்கள், சிலர் விடுவார்கள். அதற்கு உரிய காசைக் கேட்காமலே கொடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் அவர் இன்னும் நாலைந்து கல் வார்த்திருப்பார்.

வாங்கலாமா என்றால், வீட்டுத் தரைக்கு என்றால் அளவோடு வந்து ஆர்டர் கொடுத்துவிட்டுப் போங்கள். லாரியில் அனுப்புவார்கள். ஞாபகத்துக்கு ஒன்றிரண்டு என்றால் சரி, ஆனால் சிமெண்ட் கல் கனக்கும், பெட்டியில் துணிக்கு நடுவில் வைத்தாலும் ஓரம் சிதறும். பதித்த பிறகு நாளாக ஆக, மனுஷர் நடக்க நடக்கத்தான் பளபளப்பு ஏறும். துடைக்கிற தண்ணீரில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். ஆசிட் ஊற்றிக் கழுவினால் ஒரே நாளில் கெட்டுவிடும்.

தறி

அடுத்து தறி. கானாடுகாத்தானிலும் காரைக்குடியைச் சுற்றியும் கண்டாங்கிச் சேலை நெய்கிறார்கள். காரைக்குடி கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பருத்தி நூல், பெரிய கட்டம் அல்லது கோடு, அகலமான கரை, அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு மாதிரி அடித்துச் சொல்கிற நிறங்கள். இதுதான் அதன் முகம்.

தறிக்கூடத்தில் போய் நின்றால் முதலில் சத்தம்தான் வரும். குறுக்கு நூலைச் சுமக்கிற நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடுகிற சத்தம், உடனே பண்ணை என்கிற சீப்பு மாதிரிச் சட்டம் வந்து நூலை அடிக்கிற சத்தம். பாவு நூல் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும், காலால் மிதிக்கும்போது பாதி நூல் மேலே, பாதி கீழே பிரியும், அந்த இடைவெளியில் நாடா குறுக்கு நூலான ஊடையை இழுத்துக்கொண்டு ஓடும். நாடாவுக்குள் இருக்கும் தாரை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். நூலைச் சுற்றிய அந்தச் சின்னக் குச்சியை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்குக் கீழடியில் வேலை இருக்கிறது.

சேலை எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விசைத்தறியில் ஓட்டிய கண்டாங்கியும் கடையில் தொங்கும். கைத்தறியா என்று நேராகக் கேளுங்கள். தறிக்காரரிடமே எடுத்தால் பேரம் பேசாதீர்கள். நெய்கிறவர் முகத்துக்கு நேரே நின்று "நூறு ரூபா குறைச்சுக்கங்க" என்று கேட்க உங்களுக்கே மனசு வராது என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டுக்கு, விடுதியாக மாற்றிய பழைய வீடு ஒன்றில் முதல் நாளே போன் செய்து சொல்லி வைத்துவிடுங்கள். சாப்பிடுகிறவர்களை வீட்டைச் சுற்றிப் பார்க்க விடுவார்கள், ஒரு கல்லில் இரண்டு மாங்காய். கவுனி அரிசி இருந்தால் விடாதீர்கள். அந்தக் கறுப்பரிசி பர்மாவுக்குத் தொழில் செய்யப் போனவர்களோடு வந்தது என்பார்கள்.

இப்போது வீட்டுக்குள் போகலாம்

ஆத்தங்குடி பெரிய வீட்டில் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். கானாடுகாத்தான் அரண்மனை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கட்டியது. அது இன்னும் குடும்பச் சொத்து, உள்ளே விடுவார்கள் என்று நம்பி நாளைத் திட்டமிடாதீர்கள். வெளியே நின்று முகப்பைப் பார்த்துவிட்டு, அந்தத் தெருக்களில் நடந்தாலே போதும். வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிவதைக் காலால் அளந்து பார்க்கலாம்.

உள்ளே போனதும் எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள். நீங்கள் முதலில் சுவரைத் தொடுங்கள். வழுவழு என்று, கோடையில்கூடச் சில்லென்று இருக்கும். அடியில் செங்கலும் சுண்ணாம்பும். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்து அடுக்கடுக்காக ஏறும். கடைசிப் பூச்சுக்கு நைசான சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு. அதைக் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள். பெயிண்ட் அடிக்காத சுவரில் கண்ணாடி மாதிரி உங்கள் பிம்பம் தெரிந்தால் அது அசல் பூச்சு.

அப்புறம் தூண். முகப்பில், வளவு என்கிற முற்றத்துக் கட்டில் நிற்கிற தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. பளிங்கு இத்தாலி, கண்ணாடி பெல்ஜியம், இரும்பு உத்திரம் இங்கிலாந்து. இவ்வளவும் எங்கிருந்து என்றால், இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் என்கிற செட்டியார்கள் பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் என்று போய் வட்டித் தொழிலும் வியாபாரமும் செய்து சம்பாதித்தது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்த வரத்து நின்றுபோனது. இந்த வருஷத்தை மனதில் வைத்துக்கொண்டு வீடுகளைப் பாருங்கள். சில வீடுகளில் முன்கட்டு ஜொலிக்கும், பின்கட்டில் ஓடு சரிந்து கிடக்கும்.

தரையைக் குனிந்து பாருங்கள் என்று நான் சொல்லத் தேவையிருக்காது. காலையில் பட்டறையில் இருந்தவர்கள் தானாகக் குனிவார்கள்.

வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் வயசானவர்கள். வேலைக்காரர் மாதிரி நடத்தாமல் "அண்ணே" "ஐயா" என்று கூப்பிடுங்கள். வீட்டு ஆச்சி யாராவது இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு, செருப்பை வெளியே விட்டு, கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். சாமி அறைப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். கல்யாண போட்டோ எடுக்க ஆறு பெட்டி உடையோடு வருகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை இல்லை.

இதே சம்பாத்தியம் வேறு எங்கே போனது என்று பார்க்க ஆசை இருந்தால், காரைக்குடிக்குத் திரும்பும்போது கல்லூரிச் சாலை வழியாக ஓட்டச் சொல்லுங்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் உருவான மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அங்கே இருக்கிறது. 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். சும்மா போனால் உள்ளே விட மாட்டார்கள். வெளியிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சாயந்திரம், முனீஸ்வரன் கோவில் தெரு

பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும். பீங்கான் சாடி, எனாமல் தூக்கு, பித்தளைப் பூட்டு, பர்மா அரக்குப் பூச்சுப் பெட்டி, ரவிவர்மா படம், கதவு, தூண். இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதெல்லாம் கலைந்துபோன வீடுகள். பங்காளிகள் பத்து ஊரில் இருக்க, ஓடு மாற்றக்கூட ஒருமித்து ஒரு முடிவு எடுக்க முடியாத வீடு கடைசியில் தூண் தூணாக இங்கே வந்து சேரும். மத்தியானம் முழு வீட்டைப் பார்த்துவிட்டு வந்தால், கடை வாசலில் சாத்தி வைத்திருக்கும் நிலைக்கதவு முன்கட்டில் நின்றதா, பின்கட்டில் நின்றதா என்று உங்களால் சொல்ல முடியும்.

வாங்குகிறவர்கள் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கி விலை கேளுங்கள். புதிதாகச் செய்து பழசு மாதிரி தேய்த்து வைத்ததும் உண்டு. நூறு வருஷம் தாண்டிய தொல்பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972ஆம் வருஷச் சட்டம் விடாது. ஆகவே வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவர்கள் எனாமல் தூக்கோடு நிறுத்திக்கொள்வது நிம்மதி.

இரண்டாம் நாள்: வைகைக்கு

காலையில் சீக்கிரம் கிளம்பி, சிவகங்கை, பூவந்தி, திருப்புவனம் வழியாகக் கீழடி. இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். பத்து மணிக்குத் திறக்கும்போது போய் நிற்பது நல்லது. பள்ளிக்கூட பஸ்கள் வந்துவிட்டால் கண்ணாடிப் பெட்டி பக்கம் நெருங்க முடியாது.

வண்டியை விட்டு இறங்கியதும் உங்களுக்குச் சிரிப்பு வரும். திண்ணை, மரத்தூண், ஓட்டுக்கூரை, நடுவில் முற்றம். 2023 மார்ச்சில் திறந்த இந்த அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீட்டின் பாணியில்தான் கட்டியிருக்கிறார்கள். நேற்று வளவில் நின்றவர்களுக்கு எது அசல், எது பாவனை என்று உடனே தெரியும். எனக்குப் பழைய வீட்டுச் சுவர்தான் உசத்தி. ஆனால் இத்தனை கூட்டத்துக்கு நிழலும் காற்றும் கொடுக்க முற்றம் வைத்துக் கட்டியது சரியான வேலை.

வைகை வருஷநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் ஓடி ராமநாதபுரம் பக்கம் முடிகிற ஆறு. அந்தப் பள்ளத்தாக்கு நெடுக மத்தியத் தொல்லியல் துறை ஆய்வு செய்து 293 தொல்லியல் இடங்களைக் குறித்தது. அதில் ஒன்றுதான் கீழடியில் தென்னந்தோப்பாக இருந்த பள்ளிச்சந்தைத் திடல். 2015இல் அமர்நாத் ராமகிருஷ்ணன் தலைமையில் தோண்ட ஆரம்பித்தார்கள், பிறகு மாநிலத் தொல்லியல் துறை தொடர்ந்தது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டின் வயது கி.மு. 580 என்று வந்தது.

உள்ளே எல்லோரும் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்து கீறிய பானை ஓட்டைப் பார்க்க ஓடுவார்கள். நீங்களும் பாருங்கள், 'ஆதன்', 'குவிரன்' என்ற பெயர்கள் இருக்கின்றன. ஆனால் அதற்கு முன்னால் நெசவுச் சாமான்கள் இருக்கும் பெட்டிக்குப் போங்கள். சுட்ட மண்ணில் செய்த, நூல் நூற்கிற தக்களியின் வட்டு, நடுவில் ஓட்டை. எலும்பைக் கூராக்கிச் செய்த முனைகள். நூலை இழுத்துத் தொங்கவிடுகிற மண் குண்டுகள். நெசவு தெரியாமல் பார்த்தால் அது உடைந்த பொத்தானும் எலும்புத் துண்டும்தான், பத்து விநாடியில் நகர்ந்துவிடுவீர்கள். நேற்றுத் தறியில் தாரைக் கையில் பிடித்தவர்களுக்கு அந்த ஓட்டையில் குச்சி எங்கே செருகும், நூல் எங்கே சுற்றும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் செட்டிநாடு என்று நான் அடம்பிடிப்பது இதற்காகத்தான்.

அடுத்து பானைகள். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக இருக்கும் கறுப்பு-சிவப்புப் பானையைப் பார்த்து, இரண்டு சாயம் பூசியிருக்கிறார்கள் என்று பலர் பேசிக்கொண்டு போவார்கள். சாயம் இல்லை, சூளைதான். கவிழ்த்து வைத்துச் சுடும்போது உள்பக்கம் காற்று போகாமல் கரி ஏறிக் கறுக்கும், காற்றுப் படுகிற வெளிப்பக்கம் மண்ணில் இருக்கும் இரும்பால் சிவக்கும். 1100 டிகிரி வரை சூடு ஏற்றியிருக்கிறார்கள் என்று கீழடி ஆய்வறிக்கை சொல்கிறது. நேற்றுப் பார்த்தது தீயே படாத கல், இன்றைக்குப் பார்ப்பது தீயை அடக்கி ஆண்ட மண். சூதுபவள மணிகள், தந்தத்தில் செய்த பகடைக்காய், உறைகிணறு எல்லாம் உங்கள் விருப்பம்போல் பாருங்கள். சூதுபவளம் குஜராத் பக்கத்துக் கல் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால், தூர தேசத்துச் சரக்கு இந்த மண்ணுக்கு வந்தது பர்மாத் தேக்கோடு ஆரம்பிக்கவில்லை என்று புரியும்.

மூன்று மணி நேரம் கொடுங்கள். தண்ணீர் பாட்டில், பெரியவர்களுக்குக் குடை, இரண்டும் வேண்டும். சாப்பாடு திருப்புவனத்திலோ மதுரைக்குப் போயோ வைத்துக்கொள்ளலாம்.

கீழடியிலிருந்து மதுரை பக்கம்தான். ரயிலோ விமானமோ மதுரையில் பிடிக்கிற மாதிரி திட்டம் போட்டால் மறுபடி காரைக்குடிக்கு அலைய வேண்டாம், பெட்டியையும் காலையிலேயே வண்டியில் ஏற்றிவிடலாம். வாடகை பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். உங்களை மதுரையில் இறக்கிவிட்டாலும் வண்டி காலியாக ஊர் திரும்ப வேண்டும், அந்தக் கிலோமீட்டரையும் சேர்த்துத்தான் கேட்போம். டிரைவர் பேட்டா தனி.